முதலில் எடுக்க வேண்டிய ஆள்

கீழே விழுந்தவன் எழுந்திருக்கிறபோது எந்தக் கையை முதலில் ஊன்றுகிறான் என்று நீங்கள் எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? சுகந்தி அதைத்தான் கவனிப்பாள். கபடி பார்க்கிற மற்றவர்களெல்லாம் பாடிப் போனவன் எத்தனை பேரைத் தொட்டான், நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்தானா என்று வாயைப் பிளந்துகொண்டிருப்பார்கள். அவள் அதெல்லாம் முடிந்து விளம்பரம் வருவதற்கு முன்னால் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பார்ப்பாள். மேலே விழுந்து அமுக்கினவர்கள் எழுந்து போன பிறகு அடியில் கிடந்தவன் எப்படி எழுந்திருக்கிறான், இடுப்பைப் பிடிக்கிறானா, யாராவது கை கொடுக்கட்டும் என்று காத்திருக்கிறானா. இதை அவள் டிவியில் கற்றுக்கொள்ளவில்லை. அவள் அப்பா மாட்டுச் சந்தைக்குப் போனால் பல்லையும் பார்க்க மாட்டார், சுழியையும் பார்க்க மாட்டார். படுத்திருக்கிற மாட்டைத் தட்டி எழுப்பச் சொல்வார். பின்னங்கால் நடுங்காமல் எழுந்ததென்றால் ‘ஓட்டிட்டுப் போவலாம்’ என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அப்பாவோடு சைக்கிள் பாரில் உட்கார்ந்து சந்தைக்குப் போன பிள்ளை, அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இரண்டு வருஷமாக ஆவிடைக்காட்டு ஆம்பளைகள் அத்தனை பேரையும் தோற்கடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆட்டம் இதுதான். டிவியில் வருகிற கபடி லீக் தொடங்குவதற்கு முன்னால், போனில் ‘கோட்டோரம்’ என்கிற குரூப்பில் இருக்கிற எட்டு வீட்டுக்காரர்களும் முறை வைத்து ஆட்டக்காரர்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருத்தர் எடுத்த ஆளை இன்னொருத்தர் எடுக்கக் கூடாது. அப்புறம் நிஜ ஆட்டத்தில் அந்த ஆள் எடுக்கிற பாயிண்டெல்லாம் அவனை எடுத்தவர் கணக்கில் சேரும். கடைசியாக வருகிறவர் மாட்டுப் பொங்கலன்று எட்டு வீட்டு மாட்டையும் குளிப்பாட்ட வேண்டும். போன பொங்கலுக்குச் சுகந்தியின் கொழுந்தன் இளஞ்சேரன்தான் குளிப்பாட்டினான், பன்னீர் வீட்டு எருமை உதைத்து ஒரு வாரம் நொண்டினான். முதலாவதாக வந்தவருக்கு அடுத்த வருஷம் முதல் ஆளை எடுக்கிற உரிமை. அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இப்போது கொல்லை வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருக்கிறாள். தூறல் விட்டிருக்கிறது. அம்மிக்கல்லில் சாய்த்து வைத்த போன் நிமிஷத்துக்கு ஒரு தரம் முனகுகிறது. பக்கத்தில் மகள் தேனு, மூன்று வயசு, காம்புகளைப் பொறுக்கித் தன் பொம்மைக்குப் படுக்கை போடுகிறாள். ரைஸ் மில் சங்கு ஊதுவதற்குள் பேரைப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் முறை கடைசிக்குப் போய்விடும். குரூப்பை நடத்துகிற மெடிக்கல் கடை பன்னீர் குரலில் அனுப்பியிருக்கிறார்: “ஏம்மா சுகந்தி, மொத ஆளு யாருன்னு ஊருக்கே தெரியும். அந்தப் பேரப் போட்டு விட்டின்னா நாங்க எங்க சோலியப் பாப்போம்ல?” அவர் பின்னாலேயே இளஞ்சேரன்: “அண்ணி, கீரை ஆய்ஞ்சுகிட்டே ஒரு வெரல்ல அடிக்கலாம். நானெல்லாம் குளிச்சுகிட்டே எடுப்பேன்.” சுகந்தி பட்டனை அமுக்கிக்கொண்டு, “நீ குளிச்சு யாரு தம்பி பாத்தா? மாட்டக் குளிப்பாட்டித்தான பாத்தோம்” என்று சொல்லி விட்டாள். எட்டு வீட்டுச் சிரிப்பும் மஞ்சள் மஞ்சளாக வந்து விழுந்தது. அவளும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் கை நின்றுபோயிற்று. உருவின இணுக்கையே திரும்ப எடுத்து உருவிக்கொண்டிருக்கிறாள்.

ஊருக்கே தெரிந்த அந்தப் பேர் கலைவாணன். அவள் வீட்டுக்காரன். அந்த லீக்கில் பாடிப் போகிற ஆள். இப்போது திருச்சியில் கேம்பில் இருக்கிறான். குரூப்பில் ஒரு வழக்கம் உண்டு, யாரும் எழுதி வைத்ததில்லை: வீட்டு ஆளை வீட்டார் எடுக்கிற வரைக்கும் வெளியாள் தொடக் கூடாது. பந்தியில் மாப்பிள்ளை இலையை விட்டுவிட்டு உட்காருகிற மாதிரி அவன் பேரை விட்டு வைத்திருப்பார்கள். ஆக முதலில் எடுக்க அவசரம்கூட இல்லை, மூன்றாவது சுற்றில் எடுத்தாலும் அவன் அவளுக்குத்தான், ஆனாலும் போன இரண்டு வருஷமும் அவள் எடுத்த எடுப்பில் அவன் பேரைத்தான் போட்டாள், போட்டுவிட்டு வெட்கப்பட்டாள், கல்யாணப் பத்திரிகையில் பேர் பார்த்த மாதிரி. இந்த வருஷம் விரல் போகமாட்டேன் என்கிறது. சரி, வீட்டுக்காரன் என்பதை விட்டுவிடுவோம், யாரோ ஒரு ஆள் என்று வைத்துக்கொள்வோம், அப்பா மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்ப்போம், வயசு முப்பத்தொன்று, முட்டி பரவாயில்லை, நெஞ்சில் காற்று நிற்கிறது, கபடிப் பாட்டு அறுவதில்லை, எதிராளி எந்தக் காலை முன்னால் வைக்கப்போகிறான் என்று அவன் வைப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். புதுசாக வந்திருக்கிற கோச் வேறு இந்த வருஷம் ஆட்டத்தையே இவன் தோளில் வைக்கப்போகிறாராம். இரண்டு தரம் வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ரெய்டில் பாயிண்டு எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பாடிப் போனவன் அவுட்டு, அந்த மூன்றாவது ரெய்டெல்லாம் கலைவாணனுக்கு என்று சொல்லிவிட்டாராம். அப்படியென்றால் ரெய்டு கூடும். ரெய்டு கூடினால் பாயிண்டு கூடும். அதிகம் போகிறவனுக்குத்தான் மதிப்பு, அதே அணியில் இருக்கிற காரைக்கால் பக்கத்துப் பையன் அருள்குமரன் என்னதான் பூனைக்குட்டி மாதிரி கை ஊன்றாமலே துள்ளி எழுந்தாலும் அவனுக்கு அத்தனை ரெய்டு கிடைக்காது. அதிகம் போகிறவனுக்குத்தான் மதிப்பு. அதிகம் போகிறவன்மேல்தான் அத்தனை பேரும் விழுகிறார்கள். இங்கே வந்ததும் கீரை நிற்கிறது. முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள், வயசு முப்பத்தொன்று, முட்டி பரவாயில்லை, காற்று நிற்கிறது, சுற்றி வந்து அதே இடத்தில் கால் இடறுகிறது, அதிகம் போகிறவன்மேல்தான். சீ, கட்டினவனைத் தட்டி எழுப்பிப் பார்க்கிறேனே, என்ன ஜென்மம் நான். தேனு பொம்மையைப் படுக்க வைத்து, “எந்திரி, எந்திரி” என்கிறாள்.

அந்த ரெய்டு. போன வருஷம் அரையிறுதி. அவன் அணி பின்தங்கியிருந்தது, குரூப்பிலும் அவளுக்கும் பன்னீர் அண்ணனுக்கும் இழுபறி. கலைவாணன் உள்ளே போனான். டிவிக்கு முன்னால் தேனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், அடுப்பில் பால் இருந்தது, பால் பொங்குகிற வாசனை இப்போதுகூட மூக்கில் இருக்கிறது. மூலையில் நின்றவனைத் தொட்டான், திரும்பும்போது இன்னொருத்தன் காலில் விழுந்து பிடித்தான், இரண்டு பேரையும் சுமந்துகொண்டே பாய்ந்தான், விரல் கோட்டைத் தொட்டது, அப்போது மூன்றாவதாக ஓடி வந்தவனின் முட்டி அவன் தலையில். இரண்டு பாயிண்டு! தெருவே கத்தியது, இளஞ்சேரன் வாசலில் நின்று விசில் அடித்தான், அவள் குதித்த குதியில் தேனு பயந்து அழுதது, அந்த இரண்டு பாயிண்டில்தான் பன்னீரைத் தாண்டினாள், இந்த முதல் ஆளை எடுக்கிற உரிமை அந்த இரண்டு பாயிண்டில்தான் வந்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது என்று உள்ளே ஓடினாள். அதனால் மிச்சத்தைப் பார்க்கவில்லை. அடுப்பைத் துடைத்துவிட்டு அப்புறம் சாவகாசமாக யாரோ குரூப்பில் போட்ட வீடியோவில்தான் பார்த்தாள். எல்லோரும் எழுந்து போகிறார்கள். அவன் கிடக்கிறான். முகம் ஆடுகள மெத்தையில் அழுந்தியிருக்கிறது. எழுந்திருக்கிறான். எப்போதும் வலது கையை ஊன்றுகிறவன் இடது கையை ஊன்றுகிறான், அந்தக் கையும் தரையைத் தேடுகிறது, இருட்டில் ஸ்விட்ச் தேடுகிற மாதிரி. எழுந்து நின்று எதிர் அணிப் பக்கமாக நடக்கப் பார்க்கிறான், கேப்டன் தோளைப் பிடித்துத் திருப்பி விடுகிறான், சிரிக்கிறார்கள். வீடியோவுக்குக் கீழே ‘சிங்கம்’ என்று எழுதியிருந்தார்கள். அவளும் அதற்குக் கீழே ஒரு சிங்கத்தைப் போட்டாள். போட்டுவிட்டு அந்தத் துண்டை மட்டும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள், கை, தரை, கை, தரை, திரும்பி நடக்கிறது, தோளைப் பிடிக்கிறது.

வீட்டுக்கு வந்தவன் நன்றாகத்தான் இருந்தான். கறிக்குழம்பு கேட்டான், மாலையைக் கழற்றித் தேனுவுக்குப் போட்டான், நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் சின்னச் சின்னதாக. குழாயைத் திறந்து விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டான். சரி, எந்த ஆம்பளை குழாயை மூடியிருக்கிறான் என்று அவளே சிரித்துக்கொண்டு போய் மூடினாள். டிவி வெளிச்சம் கூசுகிறது என்றான். சட்டைப் பட்டனை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று அவிழ்த்து மறுபடி ஒன்று தள்ளியே போட்டான், அவள் போய்ச் சரியாகப் போட்டுவிட்டாள், “பொண்டாட்டி எதுக்கு இருக்கா” என்று மூக்கைத் திருகினான். கடைத்தெருவிலிருந்து திரும்புகிறவன் பாலம் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, வலமா இடமா என்று ஒரு கணம் பார்த்தான், அவள் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள், அவன் முதுகு யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து போகிற வழி. சொன்னதையே சொல்ல ஆரம்பித்தான். தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள். ஸ்கேனில் பெரிசாக ஒன்றும் இல்லை, ஆனால் இந்த மாதிரி விஷயம் படத்தில் தெரிந்துதான் ஆக வேண்டும் என்று இல்லை, இனிமேல் தலையில் அடி படவே கூடாது, அடுத்த அடி முதல் அடி மாதிரி இருக்காது என்று அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்கள், சொல்லும்போது அவனைப் பார்க்காமல் சுகந்தியைப் பார்த்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். அம்மாப்பேட்டை தாண்டினதும் தூங்கிக்கொண்டிருந்த தேனுவின் தலையைக் காட்டி, “இது தலையில கை வச்சுச் சொல்லு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு. கோச்சுகிட்ட, தம்பிகிட்ட, உங்கப்பாகிட்ட, யாருகிட்டயும். முட்டி வலிக்குத்தான் போனோம்” என்றான். வைத்தாள். பிள்ளையின் தலை வெயில் பட்டுச் சூடாக இருந்தது, வியர்வையில் முடி ஒட்டியிருந்தது, ஒரு தலைக்காக இன்னொரு தலை என்று அப்போது தோன்றவில்லை, பஸ் குலுங்கியதில் கை நழுவக் கூடாதே என்றுதான் தோன்றியது. “இந்த ஒரு வருஷம் சுகந்தி. ஆடாம வீட்டுல உக்காந்தா நான் யாரு, சொல்லு” என்றான். அவளுக்கு ஆயிரம் பதில் இருந்தது. தேனுவோட அப்பா, என் மாமா, பொங்கலுக்கு மாட்டுக்குக் கொம்பு சீவுகிற ஆள், வெங்காயம் உரிக்கிறபோது என்னைவிட அதிகமாக அழுகிற ஆள். எதை முதலில் சொல்வது என்று பார்ப்பதற்குள் கண்டக்டர் வந்து சில்லறை கேட்டான்.

கோச் நம்பர் போனில் இருக்கிறது. ஒரு அமுக்கு. அமுக்கினால் அவன் உட்கார்ந்துவிடுவான், உட்கார்ந்தவன் இவளை ஒரு பார்வை பார்ப்பான், ஆயுசுக்கும் அந்தப் பார்வை, அதைக்கூடத் தாங்கிவிடலாம், தேனுவுக்கு நாளைக்கே ஒரு காய்ச்சல் வந்தால் நான் என்ன பண்ணுவேன், கை வைத்த தலையாயிற்றே. இதெல்லாம் மூடத்தனம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள், தனக்குப் பிள்ளை இல்லாதபோது அது மூடத்தனமாகத்தான் இருந்தது. சரி, சொல்ல வேண்டாம். அவன் பேரைப் போடாமல் இருந்தால்? அருள்குமரன் என்று அடித்துவிட்டால்? அடுத்த நிமிஷம் பன்னீர் அண்ணன் கேட்பார், என்னம்மா, புருஷனுக்கு என்ன கேடு. இளஞ்சேரன் நேராக வீட்டுக்கே வருவான். சுகந்தி கண்ணுக்கு ஒரு ஆள் வேண்டாம் என்றால் அந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது என்று எட்டு வீட்டுக்கும் தெரியும், அவள் ஒதுக்கின ஆளெல்லாம் பாதி சீசனில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வாயால் சொல்லாமல் பேரால் சொன்ன மாதிரி ஆகிவிடும், அதற்கும் சத்தியம் செல்லுமா, செல்லாதா. அதைவிட, அவனும் குரூப்பில் இருக்கிறான். பார்த்துக்கொண்டிருக்கிறான். தான் வேண்டாத ஆள் என்று பெண்டாட்டி அடிப்பதைத் திருச்சியில் ஒரு கட்டிலில் உட்கார்ந்து படிப்பான். வழக்கம் விட்டுப்போனதும் வேறு யாராவது அவனை எடுப்பார்கள். பன்னீர் எடுப்பார். எடுத்தவர் டிவி முன்னால் தொடையைத் தட்டி, போடா, போடா, இன்னொரு தரம் போடா என்று கத்துவார், அவர் மேல் தப்பில்லை, அதுதான் ஆட்டம், போன வருஷம் அவள் கத்தவில்லையா. அவன் தலை தரையில் மோதுகிற சத்தத்தில் யாரோ ஒருத்தர் கணக்கில் இரண்டு ஏறும். அப்படியானால் எடுத்துவிடவா? எடுத்தால் அவன் திடமாக இருக்கிறான் என்று அர்த்தம், சுகந்தியே எடுத்துவிட்டாள் என்று கோச் காது வரைக்கும் போகும், மூன்றாவது ரெய்டெல்லாம். அதிகம் போகிறவனுக்குத்தான். மறுபடி அதே இடம். கீரை முடிந்துவிட்டது. முறத்தில் பச்சையாகக் குவிந்து கிடக்கிறது, கை மட்டும் காற்றை உருவிக்கொண்டிருக்கிறது. போனில் மேலே ‘கலைவாணன் டைப் செய்கிறார்’ என்று வருகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள், பாடிப் போகிறவள் மாதிரி. வருகிறது. நிற்கிறது. மறுபடி வருகிறது. போய்விடுகிறது. ஒன்றும் எழுதவில்லை. என்ன எழுத வந்தான், எது மறந்துபோயிற்று, வலமா இடமா.

“ம்மா, பொம்மை எந்திரிக்க மாட்டேங்குது” என்றாள் தேனு. “தூங்கட்டும் விடுடி. அது தூங்கட்டுமே.” சொன்ன குரல் உடைந்துவிட்டது, பிள்ளை நிமிர்ந்து பார்த்தது, உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு முகத்தை அஷ்டகோணலாக்கிக் காட்டினாள், பிள்ளை சிரித்தது. மில் சங்கு ஊத ஆரம்பித்தது, முதலில் அடித்தொண்டையில், அப்புறம் ஊர் முழுக்க. கீரைப் பச்சை படிந்த விரலாலேயே அடித்தாள். கலைவாணன். அனுப்பிவிட்டாள். சங்கு அடங்குவதற்குள் குரூப்பில் மாலையும் மத்தாப்புமாகக் கொட்டியது. பன்னீர் குரல்: “இதுக்கா இவ்வளவு நேரம்? ஏம்மா, தாலி கட்டும்போதுகூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்ட!” இளஞ்சேரன்: “அண்ணி மறுபடியும் ஜெயிக்கப் போவுது, நான் மறுபடியும் உதை வாங்கப் போறேன்.” அவள் முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவனைக் கூப்பிட்டாள்.

உடனே எடுத்தான். “என்னய எடுத்துட்ட போலருக்கு” என்றான். குரலில் அந்தச் சிரிப்பு இருந்தது, மாலையோடு வீட்டுக்குள் வருகிறபோது இருக்கிற சிரிப்பு.

“பின்ன? வேற யாரு எடுப்பா உங்கள?”

“அருளை எடுத்திருக்கலாம்ல. இங்க பயல் பறக்குறான். ‘அருளை எடு’ன்னு டைப்புகூடப் பண்ணேன். அழிச்சிட்டேன்.”

“ஏன் அழிச்சீங்க?”

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கிற சத்தம். “நெசமாவே நீ அவன எடுத்துருவியோன்னுதான்” என்றான்.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். தூறல் மறுபடி ஆரம்பித்திருந்தது, கீரைமேல் விழுந்துகொண்டிருந்தது, நகர்த்தத் தோன்றவில்லை.

“தேனு சாப்புட்டாளா?” என்றான்.

“இனிமேதான். முருங்கக்கீரையும் பருப்பும் பண்ணப் போறேன்.”

“அவளுக்குப் புடிக்குமே. நாளன்னிக்கு மொத மேட்சு, தெரியும்ல? மூணாவது ரெய்டு பூரா எனக்குத்தான்னு கோச்சு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. பயலுவ மூஞ்சியப் பாக்கணுமே.” சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான். அப்புறம், புதிதாகக் கேட்கிற மாதிரி, அதே பாசத்தோடு கேட்டான்: “தேனு சாப்புட்டாளா?”

இப்பதான கேட்டீங்க என்று சொல்லவில்லை. “சாப்புடப் போறா” என்றாள். பிள்ளை அவள் முழங்காலில் பொம்மையைக் கொண்டுவந்து படுக்க வைத்தது. அதன் துணித் தலையை ஒரு கையால் மூடிக்கொண்டாள்.

“மாமா, ஒண்ணு கேக்கவா?”

“கேளேன்.”

“தேனு தலையில கை வச்சு யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னேன். சொல்லல. சொல்லவும் மாட்டேன். உங்ககிட்டயே கேக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலியே?”

“என்ன இப்ப?”

“நான் கடைசியா வந்து, பொங்கலுக்கு எட்டு வீட்டு மாட்டையும் நானே குளிப்பாட்டுறேன். பன்னீரண்ணன் எரும ஒதைச்சா ஒதைச்சிட்டுப் போவுது. ஊரே சிரிக்கட்டும்.” பொம்மையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். “உங்களத்தான் மொதல்ல எடுத்திருக்கேன், உங்கமேல இருக்குற பாயிண்டெல்லாம் இனிமே என்னுதுதான? அந்தப் பாத்தியதையிலதான் கேக்குறேன். இந்த வருஷம் எனக்கு ஒரு பாயிண்டுகூட எடுத்துத் தராதீங்க மாமா.”